மூன்றாம் நாள் கம்பி

போன மாதம் ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் என் மதினியைப் பற்றி நாலு வரி வந்தது. ‘மில் தொழிலாளியின் மனைவி டாக்டர் பட்டம் பெற்றார்’ என்று தலைப்பு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே மில் தொழிலாளியாக இருந்தவள்தான் என்பதை விசாரிக்கக்கூட அந்த ஆளுக்கு நேரமில்லையா? ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்டால், ‘வெப்பம் பற்றி’ என்று போட்டிருக்கிறான். வெப்பம் என்றால் எது, அடுப்பா, வெயிலா, காய்ச்சலா? சரி, போகட்டும், நானே எழுதிவிடுகிறேன். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதைக்குள் நான் செய்த தப்பு ஒன்று கிடக்கிறது. அதை வேறு யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் நாகஜோதி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கேட் ஆபீஸ் கிளார்க். வெளியிலிருந்தோ களத்திலிருந்தோ கட்டடத்துக்குள் எது போனாலும் நான்தான் பாஸ் எழுத வேண்டும். என் அண்ணன் மாரிசாமி அதே மில்லில் பஞ்சு குடோனுக்குப் பொறுப்பாளர். மதினி பெயர் பாண்டீஸ்வரி. அவர்கள் கீழ்வீட்டில், நான் மாடியில். எனக்கு முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

மதினிக்கும் அதே வயதுதான். வ. புதுப்பட்டியில் பிறந்தவள். பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு ஒரு மில் ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்று வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று அறுந்த இழையை முடிச்சுப் போட்டாள். அங்கிருந்தபடியே பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். பிறகு திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒற்றை அறை எடுத்து, அங்கேயே கணக்கில் பட்டம் படித்தாள். மேற்படிப்பும் முடித்து, கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தாள். தினமும் ஏழு இருபதுக்குக் காலேஜ் பஸ். நானும் கணக்கில் சுமாராகப் படித்தவள்தான், ஆனால் பாஸ் எழுதுவதோடு நின்றுவிட்டேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான்.

இனி மில் விஷயம். பஞ்சு மில்லில் எரிகிற தீயைப் பார்த்து நாங்கள் அவ்வளவாகப் பயப்பட மாட்டோம். கண்ணுக்குத் தெரிகிறது, தண்ணீர் அடித்தால் அணைந்துவிடும். அணைந்துபோன பேல்தான் பயம். பேல் என்றால் நூற்றெழுபது கிலோ பஞ்சைப் பெரிய டிரங்குப் பெட்டி அளவுக்கு அமுக்கி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய கட்டு. அதன் நடுவில் ஒரு கங்கு உட்கார்ந்துகொண்டால் வெளியே புகைகூட வராது. அப்படியே கனிந்துகொண்டு கிடக்கும். என்றைக்காவது பட்டையை அறுத்துப் பஞ்சைப் பிரிக்கும்போது, காற்றுப் பட்டதும் பக்கத்தில் நிற்பவர் முகத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

அதற்காக எங்கள் மில்லில் ஒரு முறை வைத்திருந்தோம். தீப்பட்ட பேலைப் பின்பக்கக் களத்தில் தனியாகப் போட்டு, நாலு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து இறக்குவோம். ஒரு சாண் ஆழம்தான் இறங்கும், அதற்கு மேல் பஞ்சு இடம் கொடுக்காது. காலையும் மாலையும் என் அண்ணன் ஒவ்வொரு கம்பியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பான். மூன்றாம் நாள் காலையிலும் கம்பி குளிர்ந்திருந்தால் கம்பியை உருவிவிட்டு, ஒரு எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, பேலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். கம்பி குத்திய பேலுக்குப் பாஸ் எழுதக் கூடாது என்று என் மேஜைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. மூன்று நாள் என்று யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை.

கேட்டவள் மதினிதான். கல்யாணமான புதிதில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டாள்: கங்கு நடுவில் இருக்கிறது, உங்கள் கை வெளியே இருக்கிறது, சூடு அங்கிருந்து கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணன், ‘வரும்போது வரும்’ என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டான். அவள் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போய் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துவிட்டாள். ஏழு வருஷம் ஆயிற்று.

அவள் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இருநூறு வருஷமாக எல்லாரும் பயன்படுத்துகிற சூட்டுச் சமன்பாடு ஒன்று இருக்கிறதாம். நல்ல சமன்பாடுதான், என்ஜின் முதல் இட்லிச் சட்டி வரைக்கும் அதில்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அதில் ஒரு கோளாறு. சூட்டுக்கு வேக வரம்பே அதில் கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு தீக்குச்சியை உரசினால், அதே நொடியில் திருவில்லிபுத்தூரிலும் சூடு ஏறிவிட்டது என்று அது சொல்லும். தூசியில் கோடியில் ஒரு பங்குதான், ஆனாலும் ஏறிவிட்டதாம். ‘பஸ்ஸுக்கே அரை மணி நேரம் ஆகுதே மதினி’ என்றேன். அதைத்தான் தானும் சொல்வதாகச் சிரித்தாள். சூடும் ஒரு வேகத்தில்தான் நகரும், வந்து சேருகிற நேரம் வரைக்கும் அந்த இடத்துக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்து எழுதுகிற சமன்பாடு இன்னொன்று உண்டு. இரும்பு, செம்பு போன்றவற்றில் அந்தத் தாமதம் ஒன்றுமே இல்லை. நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த பொருள்களில் எவ்வளவு என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இன்னும் அடிபிடி. இறுக்கிய பஞ்சில் எவ்வளவு, நடுவில் கங்கு ஒன்று கனிந்தபடி இருந்தால் எவ்வளவு என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை.

கல்லூரி ஆய்வகத்தில் செங்கல் அளவுக்குப் பஞ்சை அமுக்கி, நடுவில் சூடு வைத்து, சுற்றிலும் சூட்டைக் காட்டுகிற மெல்லிய கம்பிகளைச் சொருகி அளந்தாள். எனக்கு உறைத்த இடம் இதுதான். பழைய சமன்பாடுப்படி வெளியே இருக்கிற கம்பி மெதுமெதுவாகச் சூடேறி நமக்கு முன்கூட்டியே சொல்லும். அவள் அளந்ததில் அப்படி வரவில்லை. கம்பி குளிர்ந்தே இருந்தது, குளிர்ந்தே இருந்தது, பிறகு ஒரே ஏற்றமாக ஏறியது.

ஆய்வேட்டைக் கொடுத்தாள். எங்கேயோ வடக்கே இருந்த ஒரு பரீட்சகர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தாமதம் பஞ்சின் குணமா, பஞ்சுக்குள் இருக்கிற ஈரத்தின் குணமா என்று நிறுவப்படவில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.  மதினி எல்லாப் பஞ்சுக் கட்டிகளையும் அடுப்பில் வைத்து ஒரு சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தி, முதலிலிருந்து அளக்க ஆரம்பித்தாள். எட்டு மாதம். அது முடிந்த சமயத்தில்தான் எங்கள் மில்லில் தீப்பிடித்தது.

கத்திரி வெயில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. லாரியிலிருந்து தார்ப்பாயை உருவியபோது பின்வரிசையில் புகை. இரண்டு நிமிஷத்தில் கொழுந்துவிட்டது. அண்ணனும் ஆட்களும் குழாயை இழுத்துப்போய் அடித்து, அது போதாமல் டிரம் டிரம்மாகத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள். கருகினது நாலு பேல். நாலையும் களத்தில் தள்ளித் தள்ளிப் போட்டுக் கம்பி அடித்தார்கள். அன்று மாலையும், புதன் காலையும் மாலையும் கம்பி ஐஸ் மாதிரி இருந்தது. மேனேஜர் சமுத்திரம் சார் அவசரப்பட்டார். பஞ்சுக் கையிருப்பு குறைவு, அடுத்த லாரி இரண்டு நாள் கழித்துத்தான். வியாழக்கிழமை மூன்றாம் நாள், நாலையும் உள்ளே எடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டில் சண்டை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன், பொய் சொல்வானேன். மதினி நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பேலுக்கு நடுவில் கங்கு இருந்தால் அதன் சூடு ஒரு சாண் ஆழத்துக்கு வந்து சேர வெள்ளிக்கிழமை நாலு மணி ஆகும் என்றாள். அதுவரைக்கும் கம்பி குளிர்ந்துதான் இருக்கும், குளிர்ந்திருப்பதற்கு அர்த்தமே கிடையாது என்றாள். அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக அந்தக் கையை நம்பித்தான் மில்லே பேலை உள்ளே எடுக்கிறது.

“என் கை பொய் சொல்லுதுங்கியா?” என்று கேட்டான்.

“கை பொய் சொல்லல மாமா. சூடு இன்னும் அங்க வந்து சேரலைன்னுதான் சொல்லுதேன்.”

“உன் கணக்கையே ஒருத்தர் திருப்பி அனுப்பிட்டாரு. அத வச்சா நான் மேனேஜர்ட்ட போய் நிக்கணும்?”

மதினி நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. எனக்கு, நிஜத்தைச் சொல்கிறேன், குளுகுளுவென்று இருந்தது. பெரிய இவளாட்டம் பேசினாளே, வேணும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு அண்ணன் கடைசியாகக் கம்பி பார்த்தான். பதினாறு கம்பியும் குளிர்ச்சி. உருவிப் போட்டுவிட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, டீ குடிக்கப் போனான். அந்த நேரம் மிக்ஸிங் ஃபோர்மேன் ஐயாதுரை என் ஜன்னலுக்கு வந்து, வரிசையில் ஒரு பேல் குறைகிறது, களத்தில் கிடப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன், பாஸ் கொடு என்றார். மிக்ஸிங் என்பது பேல்களை வரிசையாக வைத்து, ஒரு நாள் இரண்டு நாள் உள்காற்றில் ஆறவிட்டு, பிறகு பட்டையை அறுத்துப் பஞ்சைப் பிரிக்கிற ஹால். பதினோரு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். முந்தின நாள் சண்டை என் காதிலேயே இருந்தது. கொஞ்சம் பொறுங்கள், அண்ணன் வரட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பிதான் உருவியாயிற்றே என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பது மணிக்கு மதினி வந்து நின்றாள். காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு நோட்டும் கையுமாக நேரே மேனேஜரிடம் போய்விட்டாள். சமுத்திரம் சாரின் மகன் அவளிடம்தான் கணக்குப் படிக்கிறான். அந்த முகத்துக்காக அவர் காது கொடுத்துக் கேட்டார். வெள்ளிக்கிழமை நாலு மணி வரை பொறுத்துப் பார்ப்போம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்றார். அண்ணன் முகம் கறுத்துப் போயிற்று. ஆனாலும் மேனேஜர் சொல், திரும்பக் கம்பி அடிக்கப் போனான். களத்தில் மூன்று பேல்தான் கிடந்தது.

என் ஜன்னலுக்கு வந்து, “ஏட்டி ஜோதி, நாலாவது எங்க?” என்றான்.

அவனுக்குப் பின்னால் மதினி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நான் அவசரக்குடுக்கையாக நிற்க வேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது பாருங்கள், அதுதான் என்னைக் கெடுத்தது. வேஸ்ட் ஷெட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், ஐயாதுரை அண்ணாச்சி பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னேன். வெட்டவெளிதானே, கெடக்கட்டும் என்று அண்ணன் போய்விட்டான்.

 கம்பி குளிர்ந்துதான் இருந்தது, அண்ணன் கை தப்பாது, மதினி கணக்குத்தான் தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் ஒரு பொய்க்காரணம் வைத்துக்கொண்டு மிக்ஸிங் ஹாலுக்குப் போய்ப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தது, ஓரம் கருகியிருந்ததை உள்பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எப்போது அறுப்பீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை காலை ஷிப்டில் என்றார் ஐயாதுரை. அப்பாடா என்று இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணியைத் தாண்டிவிட்டால் மதினி தோற்றுவிடுவாள், என் பொய்யும் கரைந்துவிடும். என் உடன்பிறந்தவன் பெண்டாட்டி தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட நாள் அது ஒன்றுதான். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மதினி களத்தில் வேப்பமர நிழலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அரை மணிக்கு ஒருமுறை புறங்கையை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டுவான். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். இருவருக்கும் பேச்சு கிடையாது. மூன்று மணிக்கு மேல் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. நாலே கால். கம்பி அதே குளிர்ச்சி.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாருமே சிரித்தார்கள். வாத்தியாரம்மா கணக்குல ஏதோ ஒண்ணு மறந்துட்டாவ போல என்று ஒருவன் சொன்னான். சமுத்திரம் சார் சிரிக்கவில்லை, அவர் மரியாதையானவர். ஆனாலும் மாரிசாமி, கம்பியை எடு, பேலை உள்ளே ஏற்று என்று சொல்லிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மதினியைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் முதல் வரியிலிருந்து மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். 

அண்ணன் கம்பியைப் பிடித்தான். உருவவில்லை. கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் நடந்து போனான். இரண்டு நாளில் அவன் அவளிடம் பேசியது அப்போதுதான்.

“பாண்டி, அன்னைக்கு நாங்க ஊத்துன தண்ணி இந்தக் கணக்குல இருக்கா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எம்புட்டு ஊத்துனிய?”

“குழாய் போக பதினாலு டிரம். பட்டை இடுக்கு வழியா உள்ள குடிச்சிருக்கும்.”

மதினி போட்டுக்கொண்டிருந்த கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டாள். பரீட்சகர் ஈரத்தைக் காரணம் சொல்லித் திருப்பினாரே, அதற்காக எட்டு மாதமாக அவள் ஈரத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் அளந்திருக்கிறாள். காய்ந்த பஞ்சுக்குப் போட்ட கணக்கை நனைந்த பேலுக்குப் போட்டிருக்கிறாள். நனைந்த பஞ்சில் சூடு இன்னும் தாமதமாகத்தான் வந்து சேரும். பையில் இருந்த பழைய நோட்டில், பரீட்சகர் வேண்டாம் என்ற அந்த ஈரப்பஞ்சு அளவுகள் அப்படியே இருந்தன. அதை எடுத்து வைத்துக்கொண்டு போட்டாள். இருபது நிமிஷம் ஆயிற்று. போட்டு முடித்து, நாளைக்குக் காலையில் ஒன்பதிலிருந்து பத்துக்குள் என்றாள். இந்த எண்ணை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் பேலை உள்ளே எடுக்காதீர்கள் என்று மேனேஜரைப் பார்த்துச் சொன்னாள்.

சமுத்திரம் சாருக்குப் பொறுமை போய்விட்டது. நேற்று ஒரு நேரம், இன்று ஒரு நேரம், நாளைக்கு இன்னொரு நேரமா, எனக்கு மில் ஓட வேண்டும் என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான் கம்பிய உருவ மாட்டேன் சார். கம்பி குத்துன பேல உள்ள விடக் கூடாதுன்னு ஆபீஸ்ல எழுதி ஒட்டியிருக்கிய. வேற ஆள வச்சு உருவுறதுன்னா, இந்தக் குடோன் சாவியையும் அவரே வாங்கிக்கிடட்டும்.”

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினான். என் அண்ணன் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் சாவியை வாங்கவில்லை. நாளைக்குப் பத்து மணி, அதற்கு மேல் உன் வேலையைப் பற்றிப் பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அண்ணன் சாவியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு, அப்போ அந்த நாலாவதையும் பார்த்துட்டு வந்துருவோம் என்று வேஸ்ட் ஷெட் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.  அவன் பத்தடி நடந்திருப்பான்.

“அண்ணே, அது அங்க இல்ல. உள்ள இருக்கு. நான்தான் பாஸ் போட்டேன்.”

அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. ஓட ஆரம்பித்தான். மதினியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், நானும் ஓடினேன். மிக்ஸிங் ஹாலில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசைக்கு இந்தப் பக்கம் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐயாதுரை கையில் பட்டை அறுக்கிற கத்தரி. சனிக்கிழமை என்று சொன்னவர், பஞ்சு போதாமல் அன்று சாயங்காலமே தொடங்கியிருக்கிறார். முதல் பேலை அறுத்தாயிற்று. இரண்டாவதில் கத்தரியை வைத்திருந்தார்.

அண்ணன் கத்தரியைப் பிடுங்கித் தூர எறிந்தான். மூன்றாவது பேலின் மேல் கை வைத்துப் பார்த்தான். குளிர்ச்சியாகத்தான் இருக்கு, என்னப்பா இது என்று ஐயாதுரை கத்தினார். குளிர்ந்துதான் இருக்கும், தள்ளுங்க என்று மதினி சொன்னாள். டிராலியில் ஏற்ற நாலு ஆம்பளை வேண்டும். யாரும் முன்னால் வரவில்லை, மேனேஜர் சொல்லாமல் எப்படி என்று நின்றார்கள். அண்ணன் ஒரு முனை, நானும் மதினியும் மறுமுனை. என் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, அப்போது தெரியவில்லை. பாதி தூரத்தில் ஐயாதுரையே திட்டிக்கொண்டு வந்து கை கொடுத்தார். களத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அண்ணன் கம்பி அடித்தான். ஒவ்வொரு சம்மட்டி அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வீட்டுக்குப் போகும்போது அண்ணன் என்னை வண்டியில் ஏற்றவில்லை. மதினிதான் என்னோடு ஷேர் ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை திட்டவில்லை. எத்தனை மணிக்கு உள்ளே போச்சு என்று மட்டும் கேட்டாள். ஏழே முக்கால் என்றேன். எழுதிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே மூவரும் களத்தில் இருந்தோம். குழாயை நீட்டி, டிரம்களை நிரப்பி வைத்திருந்தோம். எட்டரைக்குப் பார்த்தான், குளிர்ச்சி. ஒன்பதுக்குக் குளிர்ச்சி. ஒன்பதரைக்கும் பதினாறு கம்பியும் குளிர்ச்சி. மேனேஜர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். மதினியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தப்பாப் போச்சுன்னா உங்க வேலை போயிரும் மாமா என்று மெதுவாகச் சொன்னாள். போனா போவுது, எம்புட்டோ மில் இருக்கு என்றான் அவன். அப்படிச் சொல்லிக்கொண்டே முதல் பேலைப் பார்த்தான், இரண்டாவதைப் பார்த்தான், மூன்றாவதைப் பார்த்தான். நாலாவதற்குப் போனான். நான் பாஸ் போட்டது. மூன்று கம்பியில் ஒன்றுமில்லை. கடைசிக் கம்பியில் கையை வைத்தவன் ஒரு சத்தம் போட்டுக் கையை உதறினான். புறங்கையில் தோல் வெள்ளையாக எழும்பிவிட்டது. கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அதே கம்பியைத் தொட்டு, குளிர்ச்சி என்று சொல்லியிருந்தான்.

மதினி மணியைப் பார்த்து எழுதினாள், ஒன்பது நாற்பத்தேழு. எழுதி முடிப்பதற்குள் பேலின் பக்கவாட்டில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து, அது உள்ளங்கை அளவாகி, சிவந்தது. சூட்டில் ஒரு பட்டை தெறித்தது. பஞ்சு மலர்ந்ததும் ஆள் உயரத்துக்குத் தீ. நாங்கள் தண்ணீரைத் திருப்பினோம். மேனேஜர் ஓடிவந்து குழாயைப் பிடித்தார். மற்ற மூன்று பேலும் கடைசிவரை குளிர்ந்தே இருந்தன. அவற்றில் கங்கே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. எனக்கு மெமோ கொடுத்தார்கள், மூன்று வருஷ இன்க்ரிமென்ட் நிறுத்தம், அது சரிதான். எங்கள் மில்லில் இப்போது பன்னிரண்டு நாள் கம்பி. ஈரத்தைத் துடைக்காமல் கணக்குக்குள் கொண்டுவந்து மதினி ஆய்வேட்டைத் திரும்ப எழுதினாள். அந்தத் தாமதத்துக்குக் காரணம் இன்னதுதான் என்று தன்னால் முழுக்க நிறுவ முடியவில்லை, தாமதம் இருப்பது நிச்சயம் என்று கடைசி அத்தியாயத்தில் அவளே ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதே பரீட்சகர்தான் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் எனக்கு மறக்காதது அன்றைய பத்து மணி. தீ அடங்கி, கருகின பஞ்சு களமெல்லாம் சிதறிக் கிடந்தது. டீ நேரம். மிக்ஸிங் பெண்கள் பதினோரு பேரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். எனக்குப் பக்கத்தில் கருத்தம்மா அக்கா. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, மூன்றாவதுக்காக இன்னும் வேலைக்கு வருகிறவள். அவள் அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்து மத்தியானம் இதுல சாஞ்சுதான் எல்லாரும் சோறு தின்னோம்” என்றாள். “வெக்கைக்கு இது ஒண்ணுதான் குளுகுளுன்னு இருந்துச்சு. நான் தலைய வச்சுக் கொஞ்சம் தூங்கக்கூடச் செஞ்சேன் ஜோதி.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் அழுகிறாய், அதுதான் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.